நடை நேரம் பார்த்துப் புறப்படுங்கள்: சென்னையிலிருந்து இரண்டு நாள் குடும்பப் பயணம்

சென்னைக்குப் புதிதாகக் குடிவந்து, வீட்டில் ஒரு காரும் வந்து, சனியும் ஞாயிறும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைத்தால், காஞ்சிபுரமும் மாமல்லபுரமும் போய்வரலாம் என்ற எண்ணம்தான் பெரும்பாலான குடும்பங்களில் முதலில் எழும். காஞ்சிபுரம் ஏறத்தாழ 75 கி.மீ., மாமல்லபுரம் ஏறத்தாழ 55 கி.மீ. என்று கைப்பேசி காட்டுவதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூரத்துக்கு என்ன அவசரம் என்று காலை உணவையும் முடித்துக்கொண்டு பத்து மணிக்குக் கிளம்புகிறவர்கள் பலர். முதல் முறை நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். பன்னிரண்டேகால் மணிக்கு அர்ச்சனைத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, கொதிக்கிற கருங்கல் தரையில் வெறுங்காலோடு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, சன்னிதிக் கதவு சாத்தியிருந்தது. "நாலு மணிக்குத்தான் சார் நடை திறப்பாங்க" என்றார் காவலாளி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அன்று நான்கு மணி நேரம் போக்கிடம் தெரியாமல் ஏசியைப் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அம்மா ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் பயணத் திட்டம் ஒரே கணக்கில்தான் அமைகிறது. பெரும்பாலான கோயில்களில் நண்பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரை மணிக்கு நடை சாத்தி, மாலை நான்கு மணியளவில்தான் திறப்பார்கள். ஆகவே காலைப் பொழுதைக் கோயில்களுக்கும், நடுப்பகலைச் சாப்பாட்டுக்கும் நிழலான இடங்களுக்கும், பிற்பகலைப் பறவை, கடல் முதலிய காட்சிகளுக்கும் ஒதுக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் தூரத்தைக் கணக்கிட வேண்டும். கீழே சொல்லும் வழி சென்னை, காஞ்சிபுரம், உத்திரமேரூர், வேடந்தாங்கல், மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் ஆகிய ஊர்களைத் தொட்டுவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வீடு திரும்புகிற ஒரு சுற்று. மொத்தம் 270 கி.மீ. அளவில் வரும்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம்

முதலில் நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்தில் நல்ல நாள் தேடுவதற்காக அல்ல, நல்ல நாளைத் தவிர்ப்பதற்காக. முகூர்த்த நாளில் காஞ்சிபுரத்துத் தெருக்களில் திருமண வண்டிகளுக்கு நடுவே உங்கள் காரை நிறுத்த இடம் கிடைக்காது. பங்குனி உத்திரத்தை ஒட்டி ஏகாம்பரநாதர் கோயிலிலும், வைகாசிக் கருட சேவையன்று வரதராசப் பெருமாள் கோயிலிலும் கூட்டம் நெரியும். திருவிழாவைப் பார்ப்பதற்கென்றே போகிறவர்களுக்கு அது வேறு வகையான பயணம், கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு ஆகாது. மாசி மகப் பௌர்ணமியன்று இருளர் மக்கள் தங்கள் குலதெய்வமான கன்னியம்மனை வழிபட மாமல்லபுரம் கடற்கரையில் பெருந்திரளாகக் கூடுவார்கள்; பார்க்க வேண்டிய காட்சிதான் என்றாலும் முதல் பயணத்துக்கு அந்த நாளை வைத்துக்கொள்ள வேண்டாம். கார்த்திகை முதல் மாசி வரையிலான மாதங்களே இந்தச் சுற்றுக்கு ஏற்றவை: வெயில் தணிந்திருக்கும், வேடந்தாங்கலில் பறவைகளும் இருக்கும். கார்த்திகையில் மட்டும் புயல் செய்தி பார்த்துக் கிளம்புங்கள்.

அடுத்தது தங்குமிடம். சனிக்கிழமை இரவுக்கு மாமல்லபுரத்தில் அறை எடுப்பதே வசதி. வார இறுதியில் வாடகை ஏறிவிடும் என்பதால் இரண்டு வாரத்துக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்யும்போது தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேட்டுவிடுவது நல்லது: பெரியவர்களுக்குத் தரைத்தளத்தில் அறை கிடைக்குமா, கார் நிறுத்த உள்ளேயே இடம் உண்டா, மறுநாள் எத்தனை மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும்.

காரைப் பொறுத்தவரை, நான்கு சக்கரங்களுக்கும் காற்றடித்துவிட்டு ஸ்டெப்னியை மறந்துவிடுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. ஒருமுறை ஊர்ப்புறச் சாலையில் பஞ்சராகி, சாமான்களையெல்லாம் இறக்கி வைத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டெப்னியை மாட்டிக் கீழே இறக்கினால், அது கழற்றிய டயரைவிடத் தட்டையாக உட்கார்ந்தது. இரண்டு ஆண்டுகளாக அதற்கு ஒரு மூச்சுக் காற்றுகூட அடித்திருக்கவில்லை. அந்த வழியாக வந்த ஒரு டிராக்டர்க்காரர் டயரை ஏற்றிக்கொண்டு போய் ஒட்டி எடுத்து வந்து கொடுத்த உதவியை இன்றும் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஃபாஸ்டாகில் பணம் இருக்கிறதா என்பதையும் முந்தைய இரவே பார்த்துவிடுங்கள். பெங்களூர் நெடுஞ்சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் சுங்கச் சாவடிகள் உண்டு.

எடுத்துச் செல்ல வேண்டியவற்றில் துணிமணியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு ஜோடி தடித்த காலுறை, உண்டியலுக்கும் காலணி பார்த்துக்கொள்பவருக்கும் பத்து ரூபாய்த் தாள்களாக ஒரு கட்டு, பிளாஸ்டிக் பை வேண்டாம் என்பதால் ஒரு துணிப்பை, வண்டியில் வாந்தி எடுக்கிற பிள்ளை இருந்தால் அதற்கென்று சில காகிதப் பைகளும் ஈரத்துணியும் போதும். அந்தப் பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுக்காமல், நடுவில் உட்கார வைத்து முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்க்கச் சொன்னாலே பாதித் தொல்லை தீரும்.

சனிக்கிழமை காலை: காஞ்சிபுரம்

ஐந்தரை மணிக்குள் வீட்டிலிருந்து கிளம்பிவிட வேண்டும். பூந்தமல்லி, திருப்பெரும்புதூர் வழியாகப் போகும் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏழு மணிக்கு மேல் ஆலைப் பேருந்துகளும் கனரக வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். பல் தேய்த்துக் காப்பி குடித்த கையோடு குழந்தைகளைத் தூக்கத்திலேயே காரில் ஏற்றிவிடுங்கள். அவர்கள் கண் விழிக்கும்போது காஞ்சிபுரம் வந்திருக்கும்.

காஞ்சியில் கோயில்களுக்குக் குறைவில்லை என்பதே புதிதாக வருபவருக்குச் சிக்கல். ஒரே காலையில் ஆறு கோயில் பார்த்தோம் என்று சொல்பவர்களைக் கேட்டால், ஒன்றைப் பற்றியும் அவர்களால் இரண்டு வாக்கியம் சொல்ல முடியாது. மூன்று போதும் என்பது என் கருத்து. பெரிய காஞ்சியில் கைலாசநாதர், ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன் ஆகிய மூன்றையும் இந்த வரிசையிலேயே பார்த்தால் வண்டியைத் திருப்பித் திருப்பி ஓட்ட வேண்டியதில்லை. சின்ன காஞ்சியில் உள்ள வரதராசப் பெருமாளைத் தரிசிக்காமல் வர மனமில்லாத வைணவக் குடும்பத்தினர் ஏகாம்பரநாதரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்.

கைலாசநாதர் கோயிலை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஊரின் மேற்கு ஓரத்தில் கிழக்கு நோக்கி நிற்கிற அந்தக் கோயிலின் மணற்கல் மீது காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் சிற்பங்கள் குழைந்து எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் பார்த்தால் எல்லாம் ஒரே வெளிறலாகத் தெரியும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கோயில் இது. சுற்றுமதிலின் உட்புறம் வரிசையாக 58 சிறு சன்னிதிகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் உள்ளே குனிந்து பார்த்தால், சுண்ணாம்புப் பூச்சின் மேல் பல்லவர் காலத்து ஓவியத்தின் மிச்சம், ஒரு கண்ணும் புருவமுமாக, ஒரு கைவிரலுமாக ஒட்டிக்கொண்டிருக்கும். கைப்பேசி விளக்கை அதன் மீது அடிக்காதீர்கள்; கண் இருட்டுக்குப் பழக அரை நிமிடம் காத்திருந்தால் தானாகவே தெரியும். கருவறையைச் சுற்றிவரும் வழி ஓரிடத்தில் தவழ்ந்து நுழைய வேண்டிய அளவுக்குக் குறுகலானது. அதில் புகுந்து வெளிவந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. என் மகன் மூன்று முறை வலம் வந்துவிட்டு, இப்போது எத்தனை பிறவி கழிந்தது என்று கேட்டான். மூட்டு வலி உள்ளவர்களும் உடல் பருத்தவர்களும் அந்த வழியைத் தவிர்ப்பது நல்லது.

எட்டேகால் மணிக்குச் சிற்றுண்டி. காஞ்சிபுரம் இட்லி என்று சென்னை உணவகங்களில் கிடைப்பதை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். வரதராசப் பெருமாளுக்குப் படைக்கப்படும் குடலை இட்லி, மூங்கில் குடலையில் மந்தாரை இலையைச் சுற்றி வைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்த மாவை ஊற்றி நெடுநேரம் வேகவைப்பது. தூண் போல நீளமாக இருக்கும் அதை வெட்டித்தான் தருவார்கள். புளிப்பும் காரமுமாக இருப்பதால் சிறு குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அவர்களுக்கு மட்டும் சாதாரண இட்லி வாங்கிக் கொடுங்கள்.

ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு ராசகோபுரம் 1509இல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. 59 மீட்டர் உயரம். பஞ்சபூதத் தலங்களில் இது நிலத்துக்குரியது, மூலவர் மணல் லிங்கம் என்பதால் அவருக்கு நீரால் அபிடேகம் கிடையாது. வாசலிலிருந்து சன்னிதிக்கு நீண்ட தூரம் நடக்க வேண்டும், தூண் வரிசை போட்ட பெரிய பிரகாரத்தைச் சுற்ற வேண்டும். ஆகவே வயதானவர்களை அவசரப்படுத்தாமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து காமாட்சி அம்மன் கோயில் அருகில்தான். காஞ்சியின் சிவன் கோயில்களில் அம்பாளுக்கென்று தனி மூலச் சன்னிதி இல்லாமல் ஊருக்கே ஒரே அம்பாளாக இவள் அமர்ந்திருக்கிறாள் என்பதைப் பாட்டிமார்கள் பேரக்குழந்தைகளுக்குச் சொல்லி அழைத்துப் போகலாம். பதினொன்றரைக்குள் வெளியே வந்துவிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வரதர் கோயிலைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஒரு குறிப்பு: மூலவர் அத்திகிரி எனப்படும் மேட்டின் மேல் இருப்பதால் 24 படிகள் ஏற வேண்டும். அனந்தசரஸ் குளத்துக்குள் சயனித்திருக்கும் அத்தி வரதர் 40 ஆண்டுக்கு ஒருமுறைதான் வெளியே வருவார். 2019இல் வந்தார், இனி 2059இல்தான். ஆகவே குளத்தைக் காட்டி, உன் பிள்ளைகளோடு நீ வந்து பார் என்று பேரனிடம் சொல்வதோடு சரி. நூற்றுக்கால் மண்டபத்தின் மூலையில் தொங்கும் கற்சங்கிலியை மட்டும் காட்டாமல் வராதீர்கள்.

நடை சாத்திய பிறகு வரும் அந்த நடுப்பகல் வேளைதான் பட்டுப்புடவைக் கடைக்கு உரியது. காலையிலேயே கடைக்குள் நுழைந்துவிட்டால் காமாட்சியும் கிடையாது, ஏகாம்பரநாதரும் கிடையாது என்பதை அனுபவித்துச் சொல்கிறேன். கோயில் வாசலில் தானாக வந்து வழிகாட்டுகிறேன் என்பவர் அழைத்துப்போகும் கடைக்குப் போகாமல், நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் வாங்குவதே புதியவர்களுக்குப் பாதுகாப்பு. சில்க் மார்க் முத்திரையைப் பாருங்கள். அது பட்டு நூலுக்குத்தான் உறுதி, சரிகைக்கு அல்ல என்பதால், சரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். வாங்கும் எண்ணமே இல்லையென்றால் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பிவிடலாம்.

சனிக்கிழமை பிற்பகல்: உத்திரமேரூரும் வேடந்தாங்கலும்

காஞ்சிபுரத்திலிருந்து வேடந்தாங்கலுக்குப் போகிற வழியில் உத்திரமேரூர் வரும். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகளில் குடவோலைத் தேர்தலின் விதிகள் இருக்கின்றன. சபைக்கு நிற்பவருக்கு 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குக் கீழும் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும், முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் நிற்கக் கூடாது என்று பட்டியல் போகிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பாடப்புத்தகத்தில் இதைப் படித்த பிள்ளைகள், அந்த எழுத்துகளை விரலால் தொடும் தூரத்தில் நின்று பார்ப்பதற்காகவே இருபது நிமிடம் இறங்கலாம். தொட மட்டும் வேண்டாம்.

மூன்றரை, நான்கு மணிக்கு வேடந்தாங்கல் போய்ச் சேர வேண்டும். நண்பகலில் போனால் கூட்டில் இருக்கும் பறவைகளைத்தான் பார்க்கலாம். இரை தேடப் போன கூட்டமெல்லாம் அடைவதற்குத் திரும்பி வரும் மாலைப் பொழுதுதான் அந்த ஊரின் முழுக் காட்சி. ஏரிக்கரை மேல் நடைபாதை போட்டிருக்கிறார்கள். தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களின் மேல் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் மாடி மாடியாகக் கூடு வைத்திருக்கும். கூழைக்கடா இறங்குவதைப் பாருங்கள்: இறக்கையை விரித்து, காலை முன்னே நீட்டி, கிளை வளைந்து தாழ்ந்து மறுபடி நிமிரும்வரை ஆடிக்கொண்டே நிற்கும், பக்கத்துக் கூட்டிலிருந்து கூச்சல் கிளம்பும். நத்தைகுத்தியின் அலகு முழுதாக மூடாமல் நடுவில் ஒரு சந்து இருக்கும்; இருநோக்கியில் அதைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் அரை மணி நேரம் சத்தமில்லாமல் இருப்பார்கள். வீட்டில் இருநோக்கி இருந்தால் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள், மங்கிய நிறத்தில் உடுத்துங்கள், கொசுத் தைலம் தடவிக்கொள்ளுங்கள்.

பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதால், சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே இவ்வூர் மக்கள் இவற்றைக் காத்து வருகிறார்கள். தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அவர்கள் வெடிக்காத ஊரில் நாம் காரின் ஹாரனை அடிக்கக் கூடாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான பருவம் தப்பிப் போகிறவர்கள் வேடந்தாங்கலை விட்டுவிட்டு, உத்திரமேரூரிலேயே நான்கு மணிக்குச் சுந்தரவரதப் பெருமாளை, நின்றும் இருந்தும் கிடந்தும் மூன்று தளங்களில், தரிசித்துவிட்டுக் கிளம்பலாம்.

இருட்டுவதற்கு முன் ஏரியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். படாளம் கூட்டுச்சாலை வரை உள்ள சாலையில் விளக்கில்லாத சைக்கிளும் மாடும் குறுக்கே வரும். அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலை எனும் திருச்சி நெடுஞ்சாலையில் செங்கல்பட்டு, பிறகு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். வழியில் குழந்தைகள் தூங்காமல் இருந்தால், திருக்கழுக்குன்றத்தில் நிறுத்தி, மலையடிவாரத்தில் உள்ள தாழக்கோயிலில் பக்தவத்சலேசுவரரை அன்றிரவே தரிசித்துவிடுவது புத்திசாலித்தனம். மறுநாள் மலையேறுகிறவர்களுக்கு நேரம் மிஞ்சும்.

ஞாயிறு: கடல், மலை, திரும்பும் வழி

கடற்கரைக் கோயிலை ஆறு மணிக்கே திறப்பார்கள். திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டால் கோயிலைவிடத் தற்படம் எடுப்பவர்களைத்தான் அதிகம் பார்க்க நேரும். அதே நுழைவுச்சீட்டில் ஐந்து ரதங்களையும் பார்க்கலாம் என்பதால் சீட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். தேர் என்று பெயர் இருந்தாலும் அவை மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்ட ஒற்றைக் கற்கள். கீழ்ப்பகுதி பல இடங்களில் முடியாமல் நிற்பதைக் காட்டினால் எந்தப் பக்கமிருந்து வேலை தொடங்கினார்கள் என்பது பிள்ளைகளுக்கே விளங்கிவிடும். அர்ச்சுனன் தபசு ஊர் நடுவே சாலையோரத்தில் இருக்கிறது, சீட்டு வேண்டாம். யானைகளுக்குப் பக்கத்தில், முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் நம்பிக்கையோடு நிற்கும் எலிகளையும் முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஒரு இளநீர் என்று எங்கள் வீட்டில் பந்தயம் வைப்போம்.

சிற்றுண்டி முடித்து, அறையைக் காலி செய்து, மூட்டைகளைக் காரில் ஏற்றிக்கொண்டே திருக்கழுக்குன்றம் போங்கள், 15 கி.மீ. தூரம். மலைமேல் வேதகிரீசுவரரைத் தரிசிக்க ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். உச்சிப்பொழுதில் இரண்டு கழுகுகள் வந்து அன்னம் ஏற்றுச்செல்லும் வழக்கத்தால் பட்சி தீர்த்தம் என்று பெயர் பெற்ற இம்மலைக்கு அவை வருவது நின்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. கழுகு பார்க்கலாம் என்று குழந்தைகளுக்கு ஆசை காட்டி ஏற்றாதீர்கள். படிகளில் குரங்குகள் உண்டு, கையில் பழமோ பையோ தொங்கக் கூடாது. இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம் என்ற குடைவரையில் சற்று நேரம் உட்கார்ந்து இளைப்பாறலாம். அதன் சுவரில், பதினேழாம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள்; பாறையில் பெயர் எழுதும் பழக்கம் நம்மவருக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிந்துகொள்ளலாம். சித்திரை, வைகாசி வெயிலில் போகிறவர்கள் மலையை விட்டுவிடுங்கள். ஏற முடியாத பெரியவர்களுடன் ஒருவர் தாழக்கோயிலிலேயே தங்கிவிட்டால் அவர்களுக்கும் அன்றைய தரிசனம் குறைவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பவேண்டியதுதான். நடுப்பகலுக்கு, மரநிழல் உள்ள வடநெம்மேலி முதலைப் பண்ணை பொருத்தமானது. முதலை அசையாமல் வாயைத் திறந்து கிடப்பதைப் பார்த்து, இது பொம்மையா என்று கேட்காத குழந்தை இல்லை. நான்கு மணியளவில் திருவிடந்தை. நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலில் திருமணத் தடை நீங்க மாலை வாங்கி அணிந்து வலம் வருவார்கள். அதனால், வண்டியில் கல்யாணமாகாத சித்தப்பாவோ அத்தையோ இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே பேசிவிட்டு அழைத்துப் போவது குடும்ப அமைதிக்கு நல்லது.

ஞாயிறு மாலை ஐந்தரைக்கு மேல் கோவளம் தொடங்கித் திருவான்மியூர் வரை வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே ஐந்து மணிக்குள் திருவிடந்தையை விட்டுக் கிளம்புங்கள். தவறிவிட்டால் அவசரப்படாமல் கோவளம் கடற்கரையில் இறங்கி, பிள்ளைகளைக் காலை நனைக்க விட்டு, இரவுச் சாப்பாட்டையும் வழியிலேயே முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்கு மேல் வீடு திரும்புங்கள். அலையில் இடுப்பளவுக்கு மேல் இறங்கவிடாதீர்கள். இந்தக் கரை முழுவதும் இழுவை அதிகம்.

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றிரவே காரின் பின் இருக்கைக்கு அடியில் ஒருமுறை கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். காமாட்சி கோயில் பூவும், பாதி தின்ற குடலை இட்லியும், எங்கோ கொடுத்த சர்க்கரைப் பொங்கல் தொன்னையும் அங்கேதான் கிடக்கும். திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பும்போது நமக்கு முன்னால் எறும்புகள் ஏறி உட்கார்ந்திருக்கும்.